தாராசுரத்தில் யாரைப் பார்ப்பது?

அன்புள்ள ஐயா,

பள்ளி விடுமுறையில் மகளையும் அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு தமிழ்நாடு போய்வந்தேன். கும்பகோணத்தில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சைப் பெரிய கோயில் மூன்றையும் ஒரே நாளில் பார்த்தோம். தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைக் காட்டினார். தட்டினால் இசைக்கும் படிகளைப் பற்றிச் சொன்னார். அரை மணி நேரத்தில் வண்டியில் ஏற்றிவிட்டார். கங்கைகொண்ட சோழபுரத்தில், நாங்கள் மலேசியாவின் கெடா என்றதும் "உங்க ஊரை ஜெயிச்ச ராஜா கட்டின கோயில்" என்றார். உடம்பு சிலிர்த்தது. ஆனால் வீடு திரும்பியபின் ஒரு சிற்பமும் மனதில் நிற்கவில்லை. பேசியதைவிட அதிகப் பணமும் கேட்டார்.

அடுத்த முறை அம்மாவை அழைத்துப் போக ஆசை. எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மூன்றில் எந்தக் கோயில் அவருக்கு ஏற்றது? முன்கூட்டியே என்ன படிக்க வேண்டும்?

ம., பீடோங்

அன்புள்ள தம்பி,

வழிகாட்டி கேட்ட கூடுதல் பணத்தை மறந்துவிடுங்கள். தாராசுரத்திலிருந்து அரை மணியில் உங்களைக் கிளப்பினாரே, அதற்குத்தான் நீங்கள் சண்டை போட்டிருக்க வேண்டும். பேசாமல் வண்டியில் ஏறியிருக்கிறீர்கள்.

உடம்பு சிலிர்த்தது என்கிறீர்கள். எதற்கு? 1025 வாக்கில், அந்தக் கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. கடாரம் என்பது நாம் பிறந்து வளர்ந்த இந்தக் கெடா. பீடோங்கிலிருந்து மெர்போக் பக்கம்தான். புஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இருக்கின்றன. மகளை அங்கே கூட்டிப் போனீர்களா? 2013இல் அவற்றில் ஒன்றை இடித்துத் தள்ளியபோது வருத்தப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? அடிபட்ட ஊரில் இருந்துகொண்டு அடித்தவனை எண்ணிச் சிலிர்ப்பது எனக்குப் புரியவே இல்லை. நம் பாட்டன் பாட்டிகள் கங்காணிக்குப் பின்னால் வரிசையாக நின்று கப்பலேறியவர்கள். ராஜேந்திரனுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உள்ளவர்கள் தாராசுரத்தில் இருந்தார்கள். நீங்கள் பார்க்காமல் வந்துவிட்டீர்கள்.

ஐராவதேஸ்வரர் கோயில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. அவன் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரிய புராணம் பாடினார். ஒரு தலைமுறைக்குள் அந்தக் கதைகள் கல்லில் ஏறிவிட்டன. கருவறைச் சுவரின் வெளிப்புறத்தில், கீழே அடிப்பகுதியைச் சுற்றி, சின்னச் சின்னச் சிற்பங்களாக அடியார்களின் கதைகள் ஓடுகின்றன. பலவற்றில் இது யார் கதை என்று தமிழிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணப்பர் இருக்கிறார். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்பதும் இருக்கிறது. பெரிய சிற்பங்களைத் தேடும் கண்ணுக்கு இவை தென்படாது. குனிய வேண்டும், நிற்க வேண்டும்.

இந்த அடியார்கள் என்ன வேலை செய்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். திருநீலகண்டர் பானை வனைந்தவர். திருக்குறிப்புத்தொண்டர் துணி வெளுத்தவர். அதிபத்தர் மீன் பிடித்தவர். கலியர் செக்காட்டியவர். நேசர் தறி நெய்தவர். ஆனாயர் மாடு மேய்த்தவர். நந்தனார் புலைப்பாடியில் பிறந்தவர். அரசர்களும் அந்தணர்களும் அறுபத்துமூவரில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அரசன் எழுப்பிய கோயிலில் வண்ணாரும் குயவரும் அடியார் என்று போற்றப்பட்டார்கள் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் பிறந்த தோட்டத்தில், மாரியம்மன் திருவிழா நெருங்கும் இரவுகளில், ஒரு பெரியவர் இந்தக் கதைகளைச் சொல்வார். தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டிலிருந்து பெட்ரோமாக்ஸ் விளக்கு வரும். நந்தனார் தில்லை எல்லையில் நின்று ஏங்கும் இடம் வந்தால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எங்கள் தோட்டத்தில் தப்படித்தவர் அந்தக் கதையைக் கோயில் வேலிக்கு வெளியே நின்றுதான் கேட்பார். அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பவர், அதே தீம்பாரில், அதாவது அதே ரப்பர் காட்டில், மரம் வெட்டுபவர். அவரை உள்ளே வா என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. நந்தனாருக்காக அழுதவர்கள் அவரைக் கடந்துதான் லயத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள்.

தமிழ்நாட்டிலும் இதுதான் நடந்தது. நந்தனாரை அறுபத்துமூவரில் ஒருவராகக் கும்பிட்ட அதே மரபு அவர் வழிவந்தவர்களை வாசலில் நிறுத்தியது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர்கள் காலெடுத்து வைத்தது 1939 ஜூலையில். தாராசுரம் கட்டி எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது! கோயிலில் நின்று உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இது. பெருமையையும் வெட்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். அவள் தாங்குவாள்.

யானை-காளைச் சிற்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. செதுக்கியவர் கெட்டிக்காரர். ஆனால் ஒரு பக்கத்தை மறைத்து யானை, மறுபக்கத்தை மறைத்து காளை என்று கண்டுபிடித்துவிட்டால் அதோடு சரி. அதற்கா இத்தனை செலவழித்துக் கடல் தாண்டிப் போனீர்கள்?

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். தாராசுரம் மட்டும் போதும், தஞ்சை இந்த முறை வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரத்தில், மாடு மேய்த்த பிள்ளையான சண்டேசருக்குச் சிவன் தன் கையாலேயே மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. அம்மாவுக்குத் தெம்பிருந்தால் அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். புத்தகம் தேடி அலையாதீர்கள். இப்போதே அம்மாவிடம் அடியார் கதைகளைக் கேளுங்கள், மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தோட்டத்துக் கோயிலில் கேட்டு வளர்ந்தவருக்குப் பாதியாவது நினைவிருக்கும்.

காலையில் நடை திறந்ததும் போய்விடுங்கள், மதியம் சாத்திவிடுவார்கள். மடக்கு நாற்காலி ஒன்று கையோடு இருக்கட்டும். சிற்ப வரிசை கீழே இருப்பதால் அம்மா உட்கார்ந்தபடியே பார்க்கலாம். யார் எவர் என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், அவரே சொல்லட்டும். வழிகாட்டி அவசரப்படுத்தினால் பேசிய பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்.