ஞானப்பல்லைப் பிடுங்கினால் பார்வை போகுமா?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. இந்த வருடம் மூன்றாவது முறையாக ஞானப்பல் வலி. பிடுங்கினால் கண் நரம்பு பாதிக்கும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். மகனோ, ஆதிமனிதர் மாதிரி மென்றால் தாடை வளர்ந்து பல்லுக்கு இடம் கிடைக்கும் என்று ரீல்ஸ் பார்த்துவிட்டுக் கெட்டியான சூயிங்கம்மை மெல்கிறான். கிராம்பு எண்ணெய் தடவினேன். வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை மூன்று கொடுத்தேன். நேற்றிலிருந்து வாயைச் சரியாகத் திறக்கவில்லை, இட்லியைப் பிட்டுத்தான் ஊட்டுகிறேன்.

பதில்: பார்வை போகாது. பார்வை நரம்பு கண்ணிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. கீழ்த்தாடையில் அதற்கு ஜோலியே இல்லை. அங்கே ஓடுவது வேறொரு நரம்பு. அது சீண்டப்பட்டால் உதடும் முகவாயும் மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், அரிதாகத்தான் நிலைக்கும். அதனால்தான் எக்ஸ்ரே பார்க்காமல் நாங்கள் கை வைப்பதில்லை. மாமியாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரிதான் எனக்குக் கவலை. மகனை அவனுடைய விரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவில் நுழைக்கச் சொல்லுங்கள். மூன்று விரல் நுழைந்தால் நல்லது. இரண்டுகூட நுழையவில்லையா? பாதி முளைத்த பல்லை மூடியிருக்கும் ஈறுக்கு அடியில் தொடங்கிய கிருமித்தொற்று, மெல்லும் தசை வரை எட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கே பல் மருத்துவரிடம் போங்கள். தாடைக்குக் கீழே கழுத்தில் கெட்டியான வீக்கம், எச்சிலை விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பல் கிளினிக்கைத் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடு இரவானாலும் சரி. அந்த வீக்கம் மூச்சுப்பாதையை அடைக்கக்கூடியது.

அமாக்ஸிசிலின் விஷயத்தில் எனக்குக் கோபம்தான். யாருக்கோ எப்போதோ எழுதிக் கொடுத்ததில் மூன்றை மட்டும் போட்டால் வலி கொஞ்சம் அமுங்கலாம், சீழ் அமுங்காது. வெளியே சூட்டு ஒத்தடமும் வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கட்டும். கிராம்பு எண்ணெயால் பெரிய கெடுதல் இல்லை. அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துபோகும், அவ்வளவுதான்.

இனி அந்த ரீல்ஸ். பாதி உண்மையை வைத்துக்கொண்டு பையன்களை ஏமாற்றுகிறார்கள். 1974-ல் எத்தியோப்பியாவின் ஹடாரில் ஓர் ஆதிமனித இனப் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. லூசி என்று பெயரிடப்பட்ட அவள் சுமார் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். உயரம் மூன்றரை அடிதான். ஆனால் அவளுடைய தாடையில் ஞானப்பல் முளைத்து, கொஞ்சம் தேய்ந்தும் இருக்கிறது. குழந்தையல்ல, வளர்ந்தவள் என்று காட்டிக்கொடுத்த அடையாளங்களில் அந்தப் பல்லும் ஒன்று. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் பல்லின் வேலையைக் கல்லுக்கு மாற்றினார்கள். 2016-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிங்க், லீபர்மேன் இருவரும் ஆட்களை உட்காரவைத்துப் பச்சை ஆட்டுக்கறியை மெல்லக் கொடுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு மென்றாலும் கறி இழுபட்டதே தவிர துண்டாகவில்லை. சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு இறைச்சியாகி, அதைக் கல்லால் நறுக்கி, கிழங்கைத் தட்டித் தின்றிருந்தால் மெல்லும் தடவைகள் 17 சதவீதமும், மெல்லத் தேவைப்படும் விசை 26 சதவீதமும் குறைந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். பிறகு நெருப்பும் வந்தது. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் 10 லட்சம் ஆண்டுப் பழமையான நெருப்பின் தடயம் இருக்கிறது. இப்படி லட்சக்கணக்கான வருடங்களில் கத்தியும் அடுப்பும் சேர்ந்து சிறிதாக்கிய தாடையை உங்கள் மகன் ஒரு சூயிங்கம்மில் திருப்பிவிடப் பார்க்கிறான்!

வளரும் பிள்ளைகளின் தாடைக்கு மெல்லுவது நல்லதுதான். வீட்டில் ஏழெட்டு வயதுக் குழந்தை இருந்தால் எல்லாவற்றையும் குழைத்து ஊட்டாமல் கரும்பும் கேரட்டும் கடிக்கக் கொடுங்கள். 21 வயதில் தாடை எலும்பின் வளர்ச்சி முடிந்துபோன கதை. இப்போது மென்றால் ஏற்கெனவே இறுகிப்போன தசைதான் இன்னும் வலிக்கும்.

மூன்று முறை வந்த வலி நான்காவது முறையும் வரும். தொற்று அடங்கியதும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே (முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டுவது) பார்த்து, பல்லை எடுப்பதா வேண்டாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். போகும்போது அந்த அமாக்ஸிசிலின் அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். எத்தனை மில்லிகிராம், எப்போது கொடுத்தீர்கள் என்று அவர் கேட்பார்.