பக்கத்து மரத்து எண்ணெய் வேறு மணக்குமா?

கேள்வி: மாங்குளத்தில் எங்கள் காணி வேலியோரம் யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன. கிடாரம் வைத்து எண்ணெய் வடித்துப் பார்த்தோம். பண்டாரவளையில் வாங்கிய போத்தலின் மணம் இதில் இல்லை, வார்னிஷ் மாதிரி அடிக்கிறது. வடித்த முறை பிழையா?

பதில்: முறையைத் திட்டாதீர்கள், சந்தேகப்பட வேண்டியது மரத்தைத்தான். மூக்கைத் திறந்துவிடும் அந்தக் குளிர்ந்த மணம் சினியோல் என்ற பொருளுடையது. மருந்துக்கு விற்கிற எண்ணெயில் அது 70 வீதமாவது இருக்க வேண்டும். குளோபுலஸ் என்ற இனத்தில் இது எளிது. ஆனால் வன்னி மாதிரி வரண்ட இடங்களில் நட்டவை பெரும்பாலும் கமால்டுலென்சிஸ், அவுஸ்திரேலியாவில் ஆற்றங்கரையோரம் வளர்கிற இனம். இதில்தான் சிக்கல். குயின்ஸ்லாந்தின் பெற்போர்ட் பகுதி விதையில் வந்த மரங்கள் சினியோலை அள்ளித் தரும், வேறு இடத்து விதையில் வந்தவற்றின் எண்ணெய் பெரும்பாலும் சைமீன், ஸ்பதுலினோல் என்ற வேறு பொருட்களாக இருக்கும். சைமீன்தான் கிட்டத்தட்ட உங்கள் வார்னிஷ் மணம். அதோடு எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானாலும் சைமீன் கூடும், ஆகவே நிறமுள்ள கண்ணாடிப் போத்தலில், நிரப்பி, இறுக்கி மூடி வையுங்கள்.

கேள்வி: ஒரே இனம், ஒரே மண், ஒரே மழை. பிறகெப்படி மரத்துக்கு மரம் மாறும்? நம்ப முடியவில்லை. (ஒட்டுசுட்டானிலிருந்து, கோபமாக!)

பதில்: மண்ணும் மழையும் இலையின் வயசும் எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைக்கும். என்ன எண்ணெய் என்பதைப் பெரும்பாலும் பரம்பரைதான் தீர்மானிக்கிறது. சிட்னியில் பென்போல்ட், மொரிசன் என்ற இரண்டு இரசாயனவியலாளர்கள் 1920களிலேயே இதைக் கண்டுகொண்டார்கள்: டைவ்ஸ் என்ற இனத்தில் பார்வைக்கு வித்தியாசமே தெரியாத இரண்டு மரங்களில் ஒன்று புதினா மணக்கும் பிபெரிட்டோன் தரும், மற்றது சினியோல் தரும். இதையும் தாண்டிய கூத்து ஒன்று இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் மெல்லியோடோரா என்ற யூக்கலிப்டஸ் இன மரம் ஒன்றை வண்டுகள் மொட்டையடித்தபோது ஒரேயொரு கிளை மட்டும் பச்சையாக நின்றது, பார்த்தால் அந்தக் கிளை இலையில் சினியோல் மற்றக் கிளைகளை விட அதிகம். ஒரு மரத்துக்குள்ளேயே இப்படியென்றால் உங்கள் வேலியில் நடப்பதில் என்ன ஆச்சரியம்?

அதனால் கிடாரம் ஏற்ற முன்னம் ஒவ்வொரு மரத்திலும் முற்றின இலை இரண்டைக் கசக்கி மணந்து பாருங்கள், நல்ல மணமுள்ளதற்குப் பெயின்ற் அடையாளம் போடுங்கள், அவற்றைத் தனியே வடியுங்கள். எல்லாவற்றையும் கலந்து வடித்தால் நல்லதும் கெட்டுப்போகும். மூக்கு தெரிவுக்குப் போதும், ஆனால் விற்கப்போனால் ஆய்வுகூடத்தில் காஸ் குரோமட்டோகிராபி (எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சோதனை) செய்த அறிக்கை வேண்டும். நல்ல மரத்தின் விதையை எடுத்து நடுவதிலும் பிள்ளைகள் தாயைப் போலவே வரும் என்ற நிச்சயமில்லை, வெட்டுத்துண்டில் வளர்த்தால்தான் அதே எண்ணெய். கமால்டுலென்சிஸ் துண்டுக்கு வேர்விடும், அதுவும் இளம் தளிர் என்றால். வனத் திணைக்களக் காட்டு மரங்களில் மட்டும் அனுமதியில்லாமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எலுமிச்சை மணக்கிற யூக்கலிப்டஸும் இதே எண்ணெய்தானா? பிள்ளைக்குத் தடிமன் வந்தால் பூசலாமா? (ஒரு தாய், மல்லாவி)

பதில்: இல்லை அக்கா, அது சிட்ரியோடோரா என்ற வேறு இனம். அதில் சினியோல் கொஞ்சம்தான், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிட்ரொனெல்லால் என்ற எலுமிச்சை மணப் பொருள். தடிமனுக்கு அதை வாங்கி ஏமாறாதீர்கள். எந்த யூக்கலிப்டஸ் எண்ணெயையும் கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ பூசவே கூடாது, மூச்சுத் திணறலாம். குடித்துவிட்டால் சில மில்லிலீற்றரே வலிப்பையும் மயக்கத்தையும் வரவழைக்கும், அப்படி நடந்தால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு.