எதுகை மோனையைக் கோடிட்டாச்சு, அப்புறம் என்ன எழுதுவது?

மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "சிலப்பதிகார வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியனிடம் பேசும் 'தேரா மன்னா' பகுதிக்கு யாப்பு நயம் எழுத வேண்டும். எதுகை மோனையைக் கோடிட்டுவிட்டேன். அதற்கு மேல் எதுவும் ஓடவில்லை. முதலடியில் சீரும் இடிக்கிறது."

தேரா மன்னா செப்புவது உடையேன்
எள்ளறு சிறப்பின் இமையவர் வியப்பப்
புள்ளுறு புன்கண் தீர்த்தோன் அன்றியும்
வாயிற் கடைமணி நடுநா நடுங்க
ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுடத் தான்தன்
அரும்பெறற் புதல்வனை ஆழியின் மடித்தோன்
பெரும்பெயர்ப் புகார்என் பதியே

சீர்ச் சிக்கல் சுலபம். படிக்க வசதியாகச் சந்தி பிரித்து அச்சிடுகிறார்கள். அப்படியே அலகிட்டால், அதாவது சீரை அசைகளாகப் பிரித்தால், 'செப்புவது' மூவசையாகிவிடும். 'செப்புவ துடையேன்' என்று சேர்த்துக்கொண்டு அலகிடுங்கள்: தேமா, தேமா, கூவிளம், புளிமா. ஆசிரியப்பாவுக்கு உரிய ஈரசைச் சீர்கள் வந்துவிடும். அதே அடியில் தே, செ இரண்டும் மோனைதான். தகரத்துக்குச் சகரம் இனம். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எதுகையைக் குறித்ததும், அது எந்த இரண்டு செய்திகளைச் சேர்த்துக் கட்டுகிறது என்று பாருங்கள். எள்ளறு, புள்ளுறு இரண்டும் புறாவின் துயர் தீர்த்த சிபியின் கதையை ஒரே மூச்சாக்குகின்றன. அரும்பெறல், பெரும்பெயர் என்பது இன்னும் ஆழம்: பெறுதற்கரிய மகனைத் தேர்ச்சக்கரத்தில் பலியிட்ட மனுநீதிச் சோழனால் வந்தது புகாரின் பெரும்பெயர் என்று ஓசையே சொல்லிவிடுகிறது.

இனி 'கடைமணி'. எனக்கு இந்தப் பகுதியின் உயிரே இதில்தான். வாயிலில் தொங்கும் மணி ஒன்று, பசுவின் கடைக்கண் மணி இன்னொன்று. அடுத்தடுத்த அடியில், அதே இரண்டாம் சீரில். ஒன்றின் நா நடுங்குகிறது. மற்றதிலிருந்து நீர் உகுகிறது. சோழன் முதலாவதைக் காதால் கேட்டு, இரண்டாவதைக் கண்ணால் கண்டு நீதி சொன்னான். இதைக் கண்ணகி யாரிடம் சொல்கிறாள்? விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியனிடம், மதுரையில், அவன் அவையிலேயே. ஆகவே 'சொல் திரும்ப வந்துள்ளது' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அவள் வைக்கும் வழக்கே அந்தத் திரும்பலில் இருக்கிறது என்று எழுதுங்கள். 'நடுநா நடுங்க' என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மணி அதிர்வது காதில் விழும்.

ஆசிரியப்பா அடிக்கு வழக்கமாக நான்கு சீர்; 'ஆவின்' அடியில் ஐந்து சீர் வரும். எண்ணிவிட்டுப் பிழை என்று அடித்துவிட வேண்டாம். கண்ணீர் நெஞ்சைச் சுடும் இடத்தில்தான் அடி நீள்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம்.