தொகுப்பு வீட்டு மாடியில் சோலார் போட மானியம் வருமா?

பென்னாகரம் பக்கம் தொகுப்பு வீடு, சோலாருக்கு அரசுப் பணம் வருமா என்கிறீர்கள். வரும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2க்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000. ஆனால் பேனல் ஏறி, நெட் மீட்டர் (வாங்கும் கரண்டையும் திருப்பிக் கொடுக்கும் கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்தி, மின்வாரியம் சரிபார்த்த பிறகுதான் கணக்கில் விழும். அதுவரை கைப்பணம், இல்லாவிட்டால் வங்கிக் கடன்.

பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். மின் இணைப்பு இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். மானியம் கிடைக்க, பேனல் மட்டுமல்ல, அதன் உள்ளே இருக்கும் சோலார் செல்களும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பாமல் பில்லில் எழுதி வாங்குங்கள்.

1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 தரும். அந்த இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம் என்பதால், 150 யூனிட் ஓடும் வீட்டுக்கு மிச்சம் சொற்பம்தான். பேட்டரி இல்லாத அமைப்பு கரண்ட் போனால் பகலிலும் ஓடாது, அதையும் கணக்கில் வையுங்கள்.