எரர் வந்தால் கீழிருந்து படியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 33. ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆறு மாதமாக வீடியோ பார்த்துப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்கிறேன். மூன்று கோர்ஸ் முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். ஆனால் காலித் திரையைத் திறந்தால் ஒரு வரிகூட வரவில்லை. எனக்கு இது வராதோ?

வரும். வீடியோவில் சொல்லித்தருபவர் முன்னாலேயே ஒருமுறை எழுதிப் பார்த்து, தப்பையெல்லாம் சரிசெய்துவிட்டுத்தான் பதிவு செய்ய உட்காருவார். அவர் எங்கே முழித்தார், எதை அழித்தார் என்று நமக்குத் தெரியாது. கோடிங்கில் பாதி வேலை அந்த முழிப்புதான். அதை நீங்கள் இன்னும் தொடவே இல்லை.

நான்காவது கோர்ஸில் சேராதீர்கள். கணக்கு எழுதுகிறவரிடம் அருமையான பயிற்சி கையிலேயே இருக்கிறது. வங்கி அறிக்கை ஒரு பக்கம், உங்கள் பேரேடு ஒரு பக்கம். ஒன்றில் இருந்து மற்றதில் விடுபட்ட வரிகளை மாதாமாதம் டிக் அடித்துத் தேடுவீர்கள் இல்லையா? அந்த வேலையைச் செய்யும் நிரலை, அதாவது புரோகிராமை, எழுதுங்கள்.

முதலில் காகிதத்தில். விவரமே தெரியாத ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படைப்பதுபோல் எழுதுங்கள். "இந்தப் பட்டியலின் முதல் தொகையை எடு. அந்தப் பட்டியலில் தேடு. இருந்தால் இரண்டையும் அடி. இல்லாவிட்டால் தனியாகக் குறி." எழுதும்போதே ஒரு சந்தேகம் வரும்: ஒரே தொகை இரண்டு முறை வந்திருந்தால்? கம்ப்யூட்டரைத் தொடும் முன்பே புரோகிராமர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்.

அப்புறம் திரைக்கு வாருங்கள். முதல் நாள், ஒரு சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியிட்டுப் பிரித்த அட்டவணையை) திறந்து அதில் எத்தனை வரி இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். மறுநாள் தொகைகளைக் கூட்டுங்கள். இங்கே இரண்டு குழி இருக்கிறது. சிஎஸ்வியிலிருந்து படிப்பதெல்லாம் எழுத்தாகத்தான் வரும். 5-ஐயும் 5-ஐயும் கூட்டச் சொன்னால் 55 என்று ஒட்டிக் கொடுக்கும். சரி என்று ஃபுளோட் என்ற தசமப்புள்ளி எண்ணாக மாற்றினால், 0.1-உம் 0.2-உம் சேர்ந்து 0.30000000000000004 ஆகும்! மூன்றில் ஒன்றைத் தசமத்தில் 0.333 என்று முடிவில்லாமல் எழுதுகிறோமே, அதுபோல கம்ப்யூட்டர் பயன்படுத்தும், 0-உம் 1-உம் மட்டுமே உள்ள இரும எண்முறையில் 0.1-ஐ முழுதாக எழுத முடியாது. கணக்காளருக்கு இது தாங்காது, தெரியும். பணத்துக்கு டெசிமல் என்ற மாட்யூல் (தயாராக எழுதிவைத்த நிரல் தொகுப்பு) பைத்தானோடு வருகிறது. தொகையில் காற்புள்ளி இருந்தால் நீக்கிவிட்டு, எழுத்தாக வந்ததை அப்படியே அதனிடம் கொடுங்கள். இரண்டு குழியும் தாண்டியாயிற்று.

மாதக் கடைசியில் கையாலும் ஒப்பிட்டுப் பாருங்கள். விடை ஒத்துப்போகாவிட்டால் தப்பு யாருடையது என்று தேடுங்கள். சில சமயம் கை செய்த தப்பாக இருக்கும்.

கேள்வி: பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பிரவுசரில் ஓடுவதைச் செய்ய ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்ட். இல்லையென்றால் பைத்தான். எதை எடுத்தாலும் ஆறு மாதத்துக்கு மாற்றாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் என்ற புரோகிராமர் 1995-இல் பத்தே நாளில் எழுதினார். அதன் கோணல்களைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நாளில் இது ஞாபகம் இருக்கட்டும்.

கேள்வி: பைத்தானில் எரர் வந்தாலே பயமாக இருக்கிறது. இருபது வரியில் என்னென்னவோ சொல்கிறது. மூடிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

கீழிருந்து படியுங்கள். மேலே இருப்பது நிரல் கடந்துவந்த வழி. விஷயம் கடைசி வரியில் இருக்கும். நேம் எரர் என்றால் நீங்கள் சொன்ன பெயரை அதற்குத் தெரியவில்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. டைப் எரர் என்றால் எண்ணையும் எழுத்தையும் கலந்திருக்கலாம். அதற்குச் சற்று மேலே வரி எண்ணும் இருக்கும். இவ்வளவு தெளிவாகத் தப்பைச் சுட்டிக்காட்டும் ஆள் வேறெங்கே கிடைப்பார்?

எரரே காட்டாமல் தப்பாக ஓடும் நிரலுக்குத்தான் பயப்பட வேண்டும். என் முதல் வேலையில் ரசீதுகளை எண்வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். 1, 10, 100, 2 என்று வந்தது. இரண்டு நாள் லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை, கழற்றிக் கழற்றி மாட்டினேன். மூத்தவர் ஒருவர் பின்னால் வந்து நின்று, "தம்பி, இது எண்ணா எழுத்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எழுத்து! மேலே கணக்காளருக்குச் சொன்ன முதல் குழி நானே விழுந்து எழுந்ததுதான். இன்றைக்கும் சந்தேகம் வந்தால் நடுவில் திரையில் காட்டச் சொல்லும் பிரின்ட் கட்டளை ஒன்று போட்டு, மதிப்பு என்ன, வகை என்ன என்று பார்த்துவிடுவேன்.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலம் சரளமாக வராது. கோடிங் கற்க முடியுமா?

பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் மொத்தம் 35. இஃப், எல்ஸ், ஃபார், வைல் என்று எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். தனியாகப் பழகும்போது, மதிப்பைப் போட்டுவைக்கும் வேரியபிளுக்கு 'மொத்தம்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். வேலைக்குப் போனால் ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். எரரில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

உங்களுக்கென்று ஒரு கணக்கு தருகிறேன். 'அம்மா' என்ற சொல்லின் நீளம் என்ன என்று லென் ஃபங்ஷனிடம் கேளுங்கள். 5 என்று சொல்லும். அ, ம, புள்ளி, ம, கால் என்று, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடு ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதை மூன்று என்று சொல்லவைக்கும் நிரலை எழுதுங்கள். புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் எண்ணாமல் விட்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். 'ஸ்ரீ', 'க்ஷ' வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். அப்போது மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.

கேள்வி: கம்ப்யூட்டர் பட்டம் இல்லை. ஏஐ வேறு எல்லாக் கோடையும் எழுதுகிறது. இனிமேல் வேலை கிடைக்குமா?

எளிது என்று பொய் சொல்ல மாட்டேன். பட்டம் இல்லையென்றால் விண்ணப்பத்தையே பார்க்காத நிறுவனங்கள் உண்டு, அவற்றை விட்டுவிடுங்கள். இன்டர்வியூ எடுக்கும் பக்கம் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். வந்தவர் தன் நிரல்களை ஏற்றிவைத்திருக்கும் கிட்ஹப் தளப் பக்கத்தைத் திறந்து, ஏதாவது ஒரு வரியைக் காட்டி, "இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பேன். ஏஐயிடம் வாங்கி ஒட்டியவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஒருவர் கொண்டுவந்தது, புத்தகங்களை யாருக்கு இரவல் கொடுத்தோம் என்று குறித்துவைக்கும் சின்ன நிரல். அதில் ஒரு கமிட் குறிப்பு, அதாவது மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பு: "பிப்ரவரி 29-ஐ மறந்துவிட்டேன், சரிசெய்தேன்." அந்த ஒரு வரியைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம். எடுத்துக்கொண்டோம்.

அதனால், இப்படி மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியைப் பழகுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கற்கும் காலத்தில் ஏஐயை எழுதச் சொல்லாமல், நீங்கள் எழுதியதில் எங்கே இடிக்கிறது என்று விளக்கச் சொல்லுங்கள். அது தப்பையும் தைரியமாகச் சொல்லும், ஓட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

இருக்கிற வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்க வேண்டாம். முதல் கேள்வி கேட்ட கணக்காளர் தன் நிரலை அலுவலகத்தில் இன்னும் நாலு பேர் பயன்படுத்தும்படி செய்துவிட்டால், விண்ணப்பத்தில் எழுத நல்ல வரி ஒன்று கிடைத்துவிடும். நிறுவனத்தின் நிஜ வங்கி அறிக்கையை மட்டும் கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள், ஐயா.