புதிய தலைவர் வந்தால் ஒரு பெரிய நிறுவனத்தின் வேலைச்சூழல் உண்மையில் மாறுமா?

மாறும். ஆனால் சுவரில் ஒட்டும் வாசகங்களால் மாறாது. கெட்ட செய்தி கொண்டுவருபவனை அவர் எப்படி நடத்துகிறார் என்பதைத்தான் எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

திருகோணமலை சீனக்குடாப் பக்கம் ஒரு பெரிய நிறுவனத்தின் களஞ்சியத்தில் 14 வருடங்களாக வேலை செய்கிறேன். எங்கள் விபத்துப் பதிவேட்டைப் பார்த்தால் இலங்கையிலேயே பத்திரமான இடம் இதுதான் என்று நினைப்பீர்கள். நாள்தோறும் "இல்லை", "இல்லை". சில வாரங்களில் ஏழு நாளுக்கும் ஒரே பேனையால், ஒரே மூச்சில் எழுதியிருக்கும் (எழுதியது நான்தான்). மூதூர்ப் பையன் ஒருவனின் விரல் தள்ளுவண்டியில் நசுங்கிய நாளிலும் "இல்லை"தான். காய்ச்சல் என்று லீவு போட்டுக் கொடுத்தோம்.

பிறகு காலியிலிருந்து புதிய முகாமையாளர் வந்தார். மாரிகாலம். அரைகுறைத் தமிழில் அவர் கேட்ட முதல் கேள்வி: "மழைக்கு எங்கே ஒழுகும்?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பையன்தான் தயங்கித் தயங்கி மூன்றாம் வரிசைக்கு மேலே காட்டினான், கட்டுப்போட்ட கையால். அவர் கூரையைப் பார்க்கவில்லை. "கைக்கு என்ன?" என்றார்.

யாருக்கும் ஏச்சு விழவில்லை. அந்த வாரமே தள்ளுவண்டி மாற்றப்பட்டது. அடுத்த மாதம் பதிவேட்டில் 11 பதிவுகள். கொழும்புத் தலைமையகம் துள்ளிக் குதித்தது, விபத்து கூடிவிட்டதாம்! "கூடவில்லை, இப்போதுதான் எழுதுகிறார்கள்" என்று அவர் தொலைபேசியில் சொன்னதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன்.

இதையே பெரிய அளவில் செய்தவர், போல் ஓ'நீல் (Paul O'Neill) என்பவர். 1987இல் அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் தலைவராக வந்து, இலாபத்தை விட்டுத் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசியபோது முதலீட்டாளர்கள் விழித்தார்கள். 1996இல் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி எழுந்து, மெக்சிகோத் தொழிற்சாலையில் நச்சுப்புகையால் தொழிலாளர்கள் சுகவீனமுற்றதைச் சொன்னார். விசாரித்தால், அங்கே கோளாறைச் சரிசெய்திருந்தார்கள். மேலிடத்துக்கு மட்டும் அறிவிக்கவில்லை. அதற்காகவே ஓர் உயரதிகாரியின் வேலை போனது.

எங்கள் சேர் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். போன மாதம் வேறொருவர் வந்திருக்கிறார், கொஞ்சம் சத்தம் போடுகிறவர். இன்று காலை பதிவேட்டைத் திறந்தவுடன், விடுபட்ட நான்கு நாட்களுக்கும் சேர்த்து "இல்லை" எழுதக் கை தானாகவே போனது.