வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் கட்ட அனுமதி வாங்க வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீட்டுக்குப் பின்பக்கம் நிலம் சரிந்து இறங்குகிறது. கீழ் எல்லையோரம் ஐந்தடிக்கு ஒரு சுவர் எழுப்பி, உள்ளே மண் கொட்டிச் சமப்படுத்திக் கார் நிறுத்தப் போகிறீர்கள். மேஸ்திரி, "காம்பவுண்ட் சுவர் மாதிரிதான், யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார். அனுமதி தேவையா, தேவையென்றால் எப்படி வாங்குவது?

தேவை. உங்கள் விவரங்களை வைத்துப் பார்த்தால் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காம்பவுண்ட் சுவர் தன் எடையையும் காற்றையும் சமாளித்தால் போதும். தடுப்புச் சுவர் இரவும் பகலும் முதுகில் மண்ணைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்று போல இருப்பதுதான் பிரச்சினையே.

நான் இன்ஜினியர் இல்லை. உங்களுடையதைப் போன்ற ஒரு சரிவில் வீடு வைத்திருப்பவன், அவ்வளவுதான். என் விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்து மூன்றாவது தடவைதான் ஒப்புதல் கிடைத்தது. அது ஏன் திரும்பியது என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிக்கு மேல் பதில் கிடைத்துவிடும்.

முதலில் உயரக் கணக்கு. எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை அடி வரை அனுமதி வேண்டாம்?" என்பது. இது ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பில் 4 அடி. நியூசிலாந்தில் 1.5 மீட்டர். சில இடங்களில் இதைவிடவும் குறைவு. ஆனால் எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அந்த 4 அடி, அஸ்திவாரத்தின் அடிப்பாகத்திலிருந்து சுவரின் உச்சி வரைக்கும். கண்ணுக்குத் தெரியும் உயரம் இல்லை. மண்ணுக்குள் ஒன்றரை அடி இறங்கினால் வெளியே இரண்டரை அடிதான் மிச்சம். என் முதல் வரைபடத்தில் தரையிலிருந்து ஐந்தரை அடி என்று போட்டிருந்தேன். அனுமதி தரும் அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி பென்சிலை எடுத்து, சுவரின் அடியில் நான் வரையவே வரையாத ஒரு ஃபுட்டிங்கை, அதாவது அஸ்திவாரப் பாதத்தை, வரைந்து, பக்கத்தில் "7½?" என்று எழுதித் திருப்பித் தந்தார்.

இரண்டாவது, மேலே என்ன இருக்கிறது என்பது. விதிகளில் எண்கள் மாறினாலும் ஒரு விலக்கு மட்டும் மாறுவதில்லை. நான் மேலே சொன்ன இரண்டு நாட்டு விதிகளிலும், சுவருக்குப் பின்னால் மண்ணைத் தவிர வேறு பாரம் இருந்தால் அந்த உயரச் சலுகை செல்லாது. கார், ஓட்டுப்பாதை, வீட்டின் அஸ்திவாரம் எல்லாம் இதில் சேரும். சுவரின் உச்சிக்கு மேலேயும் மண் சரிவாக ஏறிப் போனால் அதையும் பல இடங்களில் பாரமாகவே எடுத்துக்கொள்வார்கள். இன்ஜினியர்கள் இதை 'சர்சார்ஜ்' என்பார்கள். நீங்கள் கார் நிறுத்தப் போகிறீர்கள் என்று எழுதிய வரியிலேயே உங்கள் சலுகை போய்விட்டது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது, எங்கள் இன்ஜினியர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டும் வரை. சாதாரண மணற்பாங்கான மண், 2 மீட்டர் உயரம், தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொண்டால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மண் சுமார் 1.2 டன் விசையோடு தள்ளுகிறது. உயரத்தைப் பாதியாக்கி 1 மீட்டர் ஆக்கினால் விசை பாதியாகாது, கால்வாசிதான் ஆகும். சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசையோ எட்டில் ஒன்றாகிவிடும். அதாவது ஐந்தடிச் சுவர் என்பது இரண்டரை அடிச் சுவரைப் போல இரண்டு மடங்கு ஆபத்து இல்லை, எட்டு மடங்கு. அந்த இரண்டு மீட்டர் சுவருக்குப் பின்னால் மழைநீர் வெளியேற வழியில்லாமல் உச்சி வரை நின்றுவிட்டால், 1.2 டன் என்பது இரண்டரை டன்னையும் தாண்டிவிடும். தடுப்புச் சுவர் விழுந்த கதைகளில் பாதிக்கு மேல் தண்ணீர் கதைதான் என்று அவர் சொன்னார். என் பழைய கல் சுவர் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றதும் அதனால்தான். அதில் நீர் போக ஒரு துளைகூட இல்லை.

சரி, எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும்? அளவுகோலோடு மனைப் படம், எல்லைகள் குறித்து. மண்ணுக்குள் போகும் குடிநீர், கழிவுநீர், கேஸ், மின்சாரக் குழாய்கள் எங்கே என்ற விவரம். சுவரின் குறுக்குவெட்டுப் படம், கம்பி விவரத்தோடு. இன்ஜினியரின் கையெழுத்துப் போட்ட கணக்கு. அதில் சுவர் கவிழாது, சறுக்காது, அடி மண் தாங்கும் என்ற மூன்றையும் காட்டியிருக்க வேண்டும். கவிழ்வதற்கும் சறுக்குவதற்கும் பொதுவாக 1.5 மடங்கு பாதுகாப்பு கேட்பார்கள். களிமண்ணோ, புதிதாகக் கொட்டிய மண்ணோ என்றால் மண் பரிசோதனை அறிக்கையும் சேரும். வளாகத்துக்கென்று குடியிருப்போர் சங்கம் இருந்தால் அவர்களுடைய ஒப்புதல் தனி. ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாக ஆகாது.

இனி என்னை நிஜமாகவே அலைக்கழித்த விஷயத்துக்கு வருகிறேன்: எல்லை. நான் நினைத்தது, சுவரை மிகச் சரியாக எல்லைக் கோட்டில் வைத்தால் ஒரு அங்குலம்கூட வீணாகாது என்று. ஆனால் கான்கிரீட் தடுப்புச் சுவர் பெரும்பாலும் தலைகீழ் 'டி' வடிவம். அடியில் ஒரு பாதம் இரண்டு பக்கமும் நீளும். மண் பக்கம் நீள்வது குதிகால், வெளிப்பக்கம் நீள்வது விரல். என் சுவர் என் நிலத்தில் நின்றது, அதன் விரல் மட்டும் இரண்டடி பக்கத்து வீட்டுக்காரர் மண்ணுக்குள் போயிருந்தது. விண்ணப்பம் முதல் முறை திரும்பியதற்கு உயரத்தை விட இதுதான் பெரிய காரணம்.

தீர்வு இரண்டு இருந்தது. சுவரை உள்ளே தள்ளுவது, அல்லது விரலே இல்லாமல் 'எல்' வடிவத்தில் பாதம் முழுவதையும் நம் பக்கமே நீட்டுவது. இரண்டாவதில் இடம் மிச்சமாகும், ஆனால் குதிகால் நீள்வதால் நம் பக்கம் இன்னும் ஆழமாக உள்ளே தோண்ட வேண்டும், வீட்டு அஸ்திவாரத்தை நெருங்கிவிடுவோம். நான் முதலாவதை எடுத்தேன். இரண்டடி போனது, தூக்கம் வந்தது. பள்ளம் தோண்டும்போது கீழே இருப்பவரின் மண் சரிந்துவிடக்கூடாது என்பதையும் கேட்பார்கள். வேலை தொடங்கும் முன் அவர் வீட்டு வேலி, தரை, சுவரில் ஏற்கனவே இருக்கும் விரிசல்கள் எல்லாவற்றையும் அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் எடுத்துவிடுங்கள். பிறகு வரும் சண்டையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது முறை திரும்பியது தண்ணீரால். சுவரில் மூன்று மூன்று அடிக்கு ஒரு துளை காட்டியிருந்தேன், நல்ல பிள்ளையாக. குறிப்பு வந்தது: "இந்த நீர் எங்கே போகிறது?" போனது கீழ் வீட்டுக்காரர் முற்றத்துக்கு! என் நிலத்து நீரை ஒரே இடத்தில் சேர்த்துப் பக்கத்தவர் மேல் விடுவதை எந்த அலுவலகமும் ஒத்துக்கொள்ளாது. கடைசியில் சுவருக்குப் பின்னால் அடிமட்டத்தில் துளையிட்ட குழாய், அதைச் சுற்றி ஜல்லி, ஜல்லியில் மண் புகாமல் வடிகட்டும் துணி, குழாயின் மறுமுனை தெருவின் மழைநீர் வடிகாலுக்கு என்று வரைந்து கொடுத்தோம். அது போய்ச் சேரும் மட்டத்தையும் படத்தில் எண்ணாகக் காட்ட வேண்டும். குழாய் மேல்நோக்கி ஓடாது என்று நிரூபிக்கத்தான்.

இடையில் ஒரு குறுக்கு வழியும் யோசித்தேன், உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். ஒரே ஐந்தடிச் சுவருக்குப் பதில் இரண்டரை அடியில் இரண்டு படிகள் வைத்தால் அனுமதி வேண்டாமே என்று. மேல் சுவர் கீழ்ச் சுவருக்கு மிக அருகே இருந்தால் அது கீழ்ச் சுவரின் மேல் ஒரு பாரம்தான். பல இடங்களில் புழங்கும் கணக்கு, கீழ்ச் சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது இடைவெளி வேண்டும் என்பது. இல்லாவிட்டால் இரண்டையும் சேர்த்து ஒரே சுவராக எடுத்துக்கொள்வார்கள். அந்த அளவு இடம் இருந்தால் படிப்படியாகக் கட்டுவது உண்மையிலேயே நல்ல வழி. இடம் இல்லாமல் அலுவலகத்தை ஏமாற்ற மட்டும் என்றால் வேண்டாம்.

ஒப்புதல் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அலுவலகத்து ஆய்வாளர்கள் கட்டம் கட்டமாக வந்து பார்ப்பார்கள்: பள்ளம் தோண்டியதும், கம்பி கட்டிக் கான்கிரீட் போடும் முன், பின்னால் மண் நிரப்பும் முன். எங்களுக்கு வந்தவர் பள்ளத்துக்குள் இறங்கி, டேப்பை விரிப்பதற்கு முன்னால் செருப்பு நுனியால் தரையைக் கீறினார். ஒரு விரல் கனத்துக்கு உதிரி மண் பெயர்ந்து வந்தது. "இதை அள்ளிவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று ஏறிவிட்டார். அரை நாள் வேலை. மேஸ்திரிக்குக் கோபம், ஆனால் ஆய்வாளர் சொன்னது சரி. மண் நிரப்பும் கட்டத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஆய்வாளர் வரும் முன் அவசரப்பட்டு மூடிவிட்டால், குழாய் இருக்கிறதா என்று காட்டத் திரும்பவும் தோண்டச் சொல்வார்கள். கான்கிரீட் முழு வலுவுக்கு வர 28 நாள் என்பது கணக்கு. எப்போது மண் கொட்டலாம் என்பதை இன்ஜினியர் சொல்லட்டும், மேஸ்திரி இல்லை.

அனுமதி இல்லாமல் கட்டிவிட்டுப் பிறகு முறைப்படுத்தலாமே என்று பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். சில இடங்களில் முடியும். ஆனால் மண்ணுக்குள் புதைந்த கம்பியையும் குழாயையும் யாரும் பார்க்க முடியாது. ஆகவே கையெழுத்துப் போட இன்ஜினியர் கிடைப்பது கஷ்டம். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் ஆள் கேட்கும் முதல் தாளும் அந்த அனுமதியாகத்தான் இருக்கும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வது இதுதான். மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு சர்வேயரை வைத்துக் கீழ் எல்லையைக் குறித்துக்கொள்வேன். சரிவின் உயரத்தை நாலைந்து இடத்தில் அளந்து ஒரு தாளில் கையாலேயே வரைந்து, காரையும் அதில் போட்டு, அலுவலகத்துக்கு எடுத்துப் போவேன். அங்கே "அனுமதி வேண்டுமா?" என்று கேட்காமல் மூன்று கேள்வி கேட்பேன்: உயரத்தை எங்கிருந்து அளப்பீர்கள், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ள வேண்டும், மழைநீரை எங்கே விட அனுமதிப்பீர்கள்? பதிலை அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டு அங்கிருந்து நேராக இன்ஜினியரிடம் போய்விடுங்கள். காரைச் சொல்ல மறந்துவிடாதீர்கள், நான் முதல் தடவை மறந்தேன்.